பறவை மனிதர் பெயரில் ஒரு வௌவால்! யார் இந்த சலீம் அலி? மேகமலைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

ராஜபாளையம் அருகே தேவதானத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான். அந்தத் தொடர் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மேகமலை வரை நீள்கிறது. 2021-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடுகள் இவை. இங்கே புலி இருக்கு, சாம்பல் நிற அணில் இருக்குன்னு பலருக்கும் தெரியும். ஆனால், உலகின் மிக அரிதான பழந்தின்னி வௌவால்களில் ஒன்று முதன்முதலில் பிடிபட்டதும் மேகமலையில்தான். அதற்கு வைக்கப்பட்டது ஒரு பறவை ஆய்வாளரின் பெயர். அவர்தான் சலீம் அலி.

குருவியில் தொடங்கிய வாழ்க்கை

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தவர் சலீம் அலி. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தார். சுமார் 10 வயதில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. என்ன குருவி இதுன்னு வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் எடுத்துப் போனார். அவர் குருவியின் பெயரைச் சொன்னதோடு, கழகத்தில் சேர்த்து வைத்திருந்த பறவை மாதிரிகளையும் காட்டினார். பையனின் வாழ்க்கை அங்கேயே திசை மாறியது.

வேலை இல்லை, சம்பளமும் இல்லை

பறவை மேல் ஆசை இருந்தாலும் பிழைப்பு எளிதாக இல்லை. முறையான பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் கிடைத்த வேலையில் இருந்து விடுப்பு எடுத்து, பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பயிற்சி பெற்றார். 1930-ல் திரும்பி வந்தபோது, நிதி இல்லைன்னு அந்தப் பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

கடற்கரை கிராமமான கிகிமில் தங்கியவர், சும்மா இருக்கவில்லை. தூக்கணாங்குருவிகளைத் தினமும் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும், பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்தால் ஏற்கும், பிறகு ஆண் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். இதை அவர் பதிவு செய்த கட்டுரை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அடுத்து, சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு. செலவை மட்டும் கொடுத்தால் போதும், சம்பளம் வேண்டாம் என்று ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என காடு காடாக அலைந்தார். கூடவே இருந்து உழைத்த மனைவி தெமினா, 1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். அந்த இழப்போடுதான் 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புகழ்பெற்ற புத்தகம் வெளிவந்தது.

காலில் வளையம்

1957-ல் இன்றைய கர்நாடகத்தில் கியாசனூர் காட்டு நோய் கண்டறியப்பட்டது. வலசைப் பறவைகள் மூலம் வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவன உதவியுடன் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடும் ஆய்வை சலீம் அலி முன்னெடுத்தார. நம்ம கோடியக்கரையும் அதில் முக்கியமான இடமானது.

24 வருடம் தவறான பெயரில்

இப்போது வௌவாலுக்கு வருவோம். 1948-ல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்ட அதிகாரி ஒரு வௌவாலைப் பிடித்தார். சாதாரண பழந்தின்னி வௌவால் என்று பெயர் எழுதி, பம்பாய் கழகத்தில் வைத்துவிட்டார்கள். 1972-ல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லொங்யா அதை மறுபடி ஆராய்ந்தார். வெளியே தெரியும் வாலே இல்லை! இனம் மட்டுமல்ல, பேரினமே புதுசு. அதற்கு சலீம் அலியின் பெயரைச் சூட்டினார்.

அதே 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. இந்த ஒரு இனத்துக்கு பின்னர் புலிக்கு இணையான பாதுகாப்பு கிடைத்தது. இன்றும் இது அழியும் ஆபத்தில் உள்ள இனம்தான்.

இன்று எண்ணுபவர்கள்

பத்ம விபூஷண், மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி என கௌரவங்கள் பெற்ற சலீம் அலி, 1987-ல் காலமானார். அதே ஆண்டுதான் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் தன்னார்வலர்கள் கண்மாய், ஏரிகளில் பறவைகளை எண்ணுகிறார்கள். பொங்கல் நாட்களிலும் தமிழ்நாட்டில் தனியாகக் கணக்கெடுப்பு நடக்கிறது.

இதற்குப் பட்டம் தேவையில்லை. தேதி, இடம், நேரம், இனம், எண்ணிக்கை - இந்த ஐந்தையும் சரியாகக் குறித்தால் போதும். ஊர்ப் பூங்கா மரத்தில் தொங்கும் வௌவால்களை, அவை அந்தி நேரத்தில் கிளம்பும்போது தள்ளி நின்று எண்ணலாம். என்ன இனம்னு சந்தேகமா? ஊகித்து எழுதாமல், சந்தேகம் என்றே குறித்து வைப்பது நல்லது. தவறாக எழுதிய ஒரு பெயரால்தான் மேகமலை வௌவால் 24 வருடம் அடையாளம் இல்லாமல் கிடந்தது.