சாண்ட்லர் ஐயரும் வினைச்சொற்களும்

வேற்றுமொழியொன்றைக் கற்கப் புகுவோர் முதலிற் பொருள்களின் பெயர்களையே அறிந்துகொள்வர். அஃது எளிது. ஒரு செயல் தானே நிகழ்ந்ததா, ஒருவரால் நிகழ்த்தப்பட்டதா என்பதை அம்மொழி எவ்வாறு உணர்த்துகின்றது என்று அறிவதோ அரிது. அவ்வரிய வேலையை முதுமையில் ஏற்றுக்கொண்ட ஒருவருடைய வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜான் ஸ்கட்டர் சாண்ட்லர் ஐயர் 1849-ஆம் ஆண்டில் மதுரையிற் பிறந்தார். அவர் தந்தையார் 1834-இல் மதுரையில் ஏற்பட்ட அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஊழியர். ஆதலின் தமிழோசை அவர் செவிக்கு இளமையிலேயே பழகியதாயிற்று. பின்னர் அமெரிக்கா சென்று, யேல் சர்வகலாசாலையிற் பயின்று தேர்ந்து, 1873-இல் தாம் பிறந்த ஜில்லாவுக்கே ஊழியராக மீண்டார்.

அவர் நெடுநாள் உழைத்த இடம் வத்தலக்குண்டு. அங்கிருந்து மேற்கே செல்லும் சாலை பெரியகுளத்தையும் தேனியையும் அடைந்து, அப்பாற் கம்பம் பள்ளத்தாக்கினுட் புகும். பெரியகுளமும் அம்மிஷனின் நிலையங்களுள் ஒன்று. கொடைக்கானலுக்கு மோட்டார்ச் சாலை அமைவதற்கு முன்னர், பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்தே மலைப்பாதை ஏறிற்று.

அவர் ஊழியஞ் செய்துவந்த காலத்தில் அப்பக்கத்தில் ஒரு பெருஞ் செயல் நிகழ்ந்தது. மேற்கே ஓடிக் கடலிற் கலந்துவந்த பெரியாற்று நீரைக் கர்னல் பென்னிகுவிக் துரை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே விட்டார். 1895-இல் அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கின் வழியாக வையையை வந்தடைந்தது. இச்செயலை இங்கிலீஷிற் சொல்லுங்கால் ‘டர்ன்’ என்னும் ஒரு சொல்லே இருவகைக்கும் போதும். ஆறு திரும்பினும் அச்சொல்லே. ஆற்றை ஒருவர் திருப்பினும் அச்சொல்லே. எது கருதப்பட்டது என்பது, வாக்கியத்திற் சொற்கள் நிற்கும் இடத்தால் விளங்கும். தமிழிலோ சொல்லே வேறுபடுகின்றது. திரும்பு என்பதன் மெல்லெழுத்து வல்லெழுத்தாகித் திருப்பு என நின்ற அளவில், செய்வோன் ஒருவன் உளன் என்பது பெறப்படும்.

இவ்வேற்றுமை சிறிதெனத் தோன்றலாம்; சிறிதன்று. கண்மாய்க்கரை உடைந்தது என்பது விபத்து. கரையை உடைத்தார்கள் என்பது குற்றம். பாசன நீரை நம்பி வாழும் ஊர்களில் இவ்விரண்டிற்கும் இடையே வழக்கும் பகையும் நிற்கும். ‘பிரேக்’ என்னும் ஒரே சொல்லை மாத்திரம் இரண்டுக்கும் உரையாக எழுதிவைத்தால், அகராதி பார்ப்போன் விபத்தையும் குற்றத்தையும் எங்ஙனம் பிரித்தறிவான்?

இங்கிலீஷும் ஒரு காலத்தில் இவ்வாறு சொல்லாலேயே வேறுபாடு காட்டியதுண்டு. அதன் எச்சங்கள் இன்றும் உள. தானே விழுதல் ‘ஃபால்’. மரத்தை வெட்டி வீழ்த்துதல் ‘ஃபெல்’. உட்கார்தல் ‘சிட்’, வைத்தல் ‘செட்’. நாளடைவில் இம்முறை தேய, ஒரே சொல் இரு தொழிலுக்கும் பொதுவாயிற்று. ஆதலின் ‘ரன்’ என்னுஞ் சொல் ஆற்றோடு சேருங்கால் ஓடுதலாகவும், கடையைச் செயப்படுபொருளாகக் கொள்ளுங்கால் நடத்துதலாகவும் பொருள்படுகின்றது. செயல் யாருடையது என்று அறிந்தபின்னரே அச்சொல்லின் பொருள் துணியப்படும். இங்கிலீஷார் வினைச்சொல்லை ‘வெர்ப்’ என்பர். அது சொல் என்று மாத்திரம் பொருள்படும் லத்தீன் மொழியினின்று வந்தது. நம் முன்னோரோ செயலை வைத்தே வினைச்சொல் எனப் பெயரிட்டனர்.

தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் இடையே அகராதி செய்தவர் பலர். பப்ரிசியஸ் ஐயரது அகராதி 1779-இலும், அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோ ஐயரது அகராதி 1862-இலும் வெளிவந்தன. போப் ஐயர் மற்றோர் அகராதிக்கெனக் குறிப்புகள் திரட்டிவைத்து, 1908-இல் காலமானார். பின்னர் அரசாங்க ஆதரவில் தமிழ்ப் பேரகராதி வேலை தொடங்கியபோது, பதிப்பாசிரியராக நியமிக்கப்பட்டவர் சாண்ட்லர் ஐயரே. 1913-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வேலை ஆரம்பமாயிற்று. அப்போது அவருக்கு வயது அறுபத்துமூன்று. பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் கடலொத்த சொற்குவியலின் முன் அமர்ந்தார். மு. இராகவையங்கார் முதலிய பண்டிதர்கள் உடனிருந்து உழைத்தனர். மதுரையில் தொடங்கிய வேலை பின்னர்ச் சென்னைக்கு மாறிற்று.

அப்பேரகராதியில் ஒரு வினைச்சொல் எவ்வாறு காட்டப்பட்டுள்ளது என்பதைக் காண்க. உடைதல், உடைத்தல் என இரண்டும் தனித்தனியே நிற்கும். ஒவ்வொன்றன் பக்கத்திலும், அது செயப்படுபொருளை வேண்டுவதா வேண்டாததா என்னுங் குறிப்பு உண்டு. காலங்காட்டும் வகையால் அஃது எவ்வகுப்பினது என்பதற்கு ஓர் எண்ணும் உண்டு. இங்கிலீஷ்ச் சொல் மறைத்துவைப்பதை இச்சிறு குறிகள் வெளிப்படுத்துகின்றன. இக்குறிகளைக் காணாது உரையை மாத்திரம் படிப்போன் தவறுதல் திண்ணம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1922-இல் ஐயர் அப்பதவியினின்று விலகினார். அதுவரை ஒரு பகுதியேனும் அச்சில் வெளிவரவில்லை. 1924 முதல் சென்னைச் சர்வகலாசாலையார் பகுதி பகுதியாக வெளியிட்டனர். 1934-இல் ஐயர் காலமானார். எஸ். வையாபுரிப் பிள்ளையவர்கள் பதிப்பாசிரியராயிருந்து, இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களையுடைய ஆறு தொகுதிகளையும் 1936-இல் நிறைவேற்றினார். அனுபந்தம் 1939-இல் வந்தது.

அகராதி முடிந்தது, முடித்தவர் சாண்ட்லர் ஐயர் அல்லர். ஆயினும் தொடங்கினவர் அவர். முடிவைத் தாம் காணோம் என்று அறிந்தும் தொடங்குவாரில்லையேல், முடிப்பார்க்கு ஏது வேலை? மாணவ நண்பர்களே, நூல்நிலையத்தில் அப்பெரிய தொகுதிகளை விரிக்கும்போது, வினைச்சொல்லின் அருகிலுள்ள அச்சிறு குறிகளையும் ஒருமுறை நோக்குமின். அவற்றின் பின்னே, வத்தலக்குண்டுச் சாலையில் நடந்து தமிழைச் செவியால் அறிந்த ஒரு முதியவரின் பொறுமை இருக்கின்றது.