சென்னைத் துறைமுகத்தில் சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 - ஏப்ரல் 26, 1920) எண் கோட்பாட்டிலும் முடிவிலாத் தொடர்களிலும் பெரும் கண்டுபிடிப்புகளைச் செய்த கணித மேதை ஆவார். 1912 மார்ச் முதல் 1913 ஏப்ரல் முடிய, பதினான்கு மாதங்கள் இவர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகப் பணியாற்றினார். இராயபுரம், திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரக்குப்பம் வரை நீளும் வடசென்னைக் கரையோரத் தொழிற்பகுதியின் தென்முனையில் இத்துறைமுகம் உள்ளது. பட்டம் ஏதும் பெறாத ஓர் எழுத்தரின் கணிதம் கேம்பிரிட்சு வரை சென்றது இந்த அலுவலகத்தின் வழியாகவே. ஹார்டிக்கு எழுதிய ஒரே கடிதத்தால் எல்லாம் நடந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அக்கடிதத்துக்கு முன்னும் பின்னும் சென்னையில் நடந்தவை அவ்வளவாக அறியப்படவில்லை.

வேலை தேடிய ஆண்டுகள்

இராமானுசன் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுபவர், தாய் கோமளத்தம்மாள். பள்ளியில் சிறந்த மாணவராக விளங்கிய இவர், 1903ஆம் ஆண்டளவில் கார் என்பவர் எழுதிய கணிதச் சுருக்க நூலொன்றைப் படித்த பின்னர் வேறெந்தப் பாடத்திலும் மனம் செலுத்தவில்லை. அந்நூல் ஆயிரக்கணக்கான தேற்றங்களைப் பெரும்பாலும் நிறுவலின்றி வரிசையாக அடுக்கித் தருவது. இராமானுசன் பிற்காலத்தில் தமது குறிப்பேடுகளை எழுதிய முறைக்கும் இந்நூலே முன்மாதிரி எனக் கருதப்படுகிறது. விடை மட்டும் இருக்கும், வழி இராது. இப்பழக்கம் அவருக்குப் பல ஆண்டுகள் இடையூறாக இருந்தது.

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் ஜானகியை மணந்த பின் வருவாய் தேடும் கட்டாயம் ஏற்பட்டது. 1910இல் இந்தியக் கணிதக் கழகத்தின் நிறுவனரும் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவருமான வி. இராமசாமி ஐயரைச் சந்தித்து, வருவாய்த் துறையில் எழுத்தர் வேலை கேட்டார். குறிப்பேடுகளைப் பார்த்த இராமசாமி ஐயர், அத்தகையவரை வருவாய்த்துறையின் கடைநிலை வேலையில் அமர்த்தி வீணாக்க விரும்பாமல், சென்னையிலிருந்த கணிதர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். நல்ல எண்ணத்தால் வேலை மறுக்கப்பட்டது என்றாலும், வேலை கிடைக்கவில்லை என்பதே இராமானுசனின் அன்றைய நிலை.

நெல்லூர் ஆட்சியராக இருந்த ஆர். இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்று, பின்னர் இவரது திறனை உணர்ந்து, மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்துவந்தார். பிறர் பொருளில் நெடுநாள் வாழ இராமானுசனுக்கு விருப்பமில்லை. 1912இன் தொடக்கத்தில் சென்னைத் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் 20 ரூபாய் ஊதியத்தில் சில வாரங்கள் தற்காலிகமாக வேலை பார்த்தார். பிப்ரவரி 9, 1912 அன்று துறைமுகத்துக்கு விண்ணப்பித்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையும் அதனுடன் இருந்தது. மார்ச் 1 அன்று மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை எழுத்தராக 30 ரூபாய் மாத ஊதியத்தில் பணியில் சேர்ந்தார்.

துறைமுக அலுவலகம்

அப்போது துறைமுகத்தின் தலைவராக இருந்தவர் பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். துறைமுகத்தின் கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புதுவாயில் அமைத்து, அலைகளின் தாக்குதலிலிருந்து கப்பல்களைக் காத்தவர் இவர். (துறைமுகச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்ததால் மெரினாக் கடற்கரை அகன்றதும், இராயபுரத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டதும் தனி வரலாறு.) தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் கணித விரிவுரையாளராக இருந்தவர். இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளரும் அவரே. இராமானுசனுக்கு மேலதிகாரியாக இதைவிடப் பொருத்தமான ஒருவர் அன்றைய சென்னையில் கிடைத்திருப்பது அரிது.

அலுவலக வேலை கடினமானதன்று. கணக்குகளைச் சரிபார்த்து முடித்த பின் கிடைத்த நேரத்தில் இராமானுசன் கணிதத்தில் ஈடுபட்டார். அதற்குத் தடையும் இருக்கவில்லை. தாள் விலை மிகுதியாக இருந்ததால், துறைமுகத்தில் சரக்குகளைச் சுற்றி வரும் பொதிதாள்களையும் பயன்படுத்தினார். அலுவலகம் செல்லுமுன் அதிகாலையிலும், திரும்பிய பின் இரவிலும் அவர் கணிதம் செய்ததைப் பின்னாளில் ஜானகியம்மாள் நினைவுகூர்ந்துள்ளார்.

மாலை வேளைகளில் நாராயண ஐயரின் வீட்டில் இருவரும் ஆளுக்கொரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு இரவு நெடுநேரம் கணக்கிட்டனர். இராமானுசன் ஓரடியில் கடப்பதைப் பிறர் பின்பற்ற இயலாது என்பதை நாராயண ஐயர் கண்டார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே விடுபட்ட படிகளை எழுதுமாறு அவரை வற்புறுத்தினார். தானே புரிந்துகொள்ள முடியாததை வேறு யார் புரிந்துகொள்வார் என்பது அவர் கவலை. இக்கவலைக்குக் காரணம் இருந்தது. 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்த இராமானுசனின் முதல் கட்டுரை பெர்னூலி எண்களைப் பற்றியது. அது தெளிவின்றி எழுதப்பட்டிருந்ததால், இதழாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அதைத் திரும்பத் திரும்பத் திருத்தத்துக்கு அனுப்பிய பின்னரே அச்சிட முடிந்தது.

பகா எண்களைப் பற்றி இராமானுசன் கண்ட முடிவொன்றை 1913இல் நாராயண ஐயர் அதே இதழில் எழுதினார். அத்தேற்றம் இராமானுசனுடையது என்பதை அவர் தெளிவாகக் குறிப்பிட்டார். மேலதிகாரியின் பெயரில் கீழ்நிலை எழுத்தரின் உழைப்பு வெளிவருவது எக்காலத்திலும் வியப்புக்குரியதன்று என்பதால், இச்சிறு குறிப்பு கவனிக்கத்தக்கது.

கடிதங்கள்

நாராயண ஐயரின் வாயிலாக ஸ்பிரிங்கும் இம்முயற்சியில் ஈடுபட்டார். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித், 1912 நவம்பரில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்த தம் பழைய பேராசிரியர் ஹில் என்பவருக்கு இராமானுசனைப் பற்றி எழுதினார். இராமானுசனின் திறனை ஹில் மறுக்கவில்லை. ஆயினும் விரி தொடர்களைக் கையாள்வதில் அவர் தவறிவிட்டதாகக் கருதினார். முடிவிலாத் தொடர்கள் பற்றிப் பிராம்விச் எழுதிய நூலைப் படிக்குமாறு பரிந்துரைத்தார். கேம்பிரிட்சைச் சேர்ந்த பேக்கர், ஹாப்சன் ஆகியோரிடமிருந்தும் உதவி கிடைக்கவில்லை.

ஜனவரி 16, 1913 அன்று கேம்பிரிட்சு திரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜி. எச். ஹார்டிக்கு இராமானுசன் எழுதினார். தம்மைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றும், ஆண்டு ஊதியம் 20 பவுண்டு மட்டுமே என்றும், வயது ஏறத்தாழ 23 என்றும் அதில் அறிமுகப்படுத்திக்கொண்டார். இரண்டு எண்களும் குறைவாகவே உள்ளன. மாதம் 30 ரூபாய் என்பது ஆண்டுக்கு 360 ரூபாய். பவுண்டுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய மாற்று வீதப்படி 24 பவுண்டு. வயதும் 25 நிறைந்திருந்தது. ஆனால் உடன் அனுப்பிய நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்களை ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஓர் இரவு ஆராய்ந்து, அவை பேரறிஞர் ஒருவரின் படைப்பு என்ற முடிவுக்கு வந்தனர். பிப்ரவரி 8 அன்று ஹார்டி பதில் எழுதினார். நிறுவல்களை அனுப்புமாறு கேட்டார்.

பிப்ரவரி 27 அன்று இராமானுசன் எழுதிய மறுமொழி, அவர் என்ன எதிர்பார்த்தார் என்பதைக் காட்டுகிறது. நிறுவல்களை அனுப்பினால் இலண்டன் பேராசிரியரிடம் கிடைத்த அதே விடை மீண்டும் கிடைக்கும் என அஞ்சினார். தாம் அரைப்பட்டினியில் இருப்பதாகவும், மூளையைக் காக்க உணவு வேண்டும் என்றும் தெரிவித்தார். பல்கலைக்கழகத்திடமோ அரசிடமோ உதவித்தொகை பெறத் துணைசெய்யும் ஒரு பரிவான கடிதமே அவர் கேட்டது.

அதற்கு முன்பே சென்னையில் ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. இந்திய வானாய்வு நிலையங்களின் தலைமை இயக்குநர் கில்பர்ட் வாக்கர் பிப்ரவரி 25 அன்று துறைமுகத்துக்கு வந்தபோது, ஸ்பிரிங் அவருக்கு இராமானுசனின் குறிப்பேடுகளைக் காட்டச் செய்தார். பருவமழையை ஆராய்ந்து தென்பகுதி அலைவைக் கண்டறிந்தவராகப் பின்னர்ப் புகழ்பெற்ற வாக்கர், கேம்பிரிட்சில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். அவர் மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதி, இராமானுசன் ஊதியக் கவலையின்றிச் சில ஆண்டுகள் ஆய்வு செய்ய வழிசெய்யுமாறு கேட்டுக்கொண்டார்.

உதவித்தொகை

பேராசிரியர் பி. அனுமந்த ராவ் தலைமையிலிருந்த கணிதப் பாடக்குழு மார்ச் 19, 1913 அன்று கூடியது. அதற்கு நாராயண ஐயரும் அழைக்கப்பட்டிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கக் குழு பரிந்துரைத்தது. முதுகலைப் பட்டம் பெற்றவருக்கே ஆய்வு உதவித்தொகை என்ற விதி குறுக்கே நின்றது, எப்.ஏ. தேர்விலேயே தேறாதவருக்கு விலக்களித்து ஆட்சிக்குழு ஒப்புதல் வழங்கியது. துறைமுகம் அவரைப் பணியிலிருந்து நீக்காமல் விடுப்பு அளித்தது. மே 1, 1913 முதல் இராமானுசன் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவரானார். மூன்று மாதங்களுக்கொரு முறை அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. அவர் அளித்த மூன்று அறிக்கைகளில்தான் இன்று இராமானுசனின் முதன்மைத் தேற்றம் எனப்படும் தொகையீட்டு முறை இடம்பெற்றுள்ளது. நிர்வாகத்துக்காக எழுதப்படும் முன்னேற்ற அறிக்கைகளில் இத்தகையவை மிகச் சில.

கடல் கடந்து செல்லுதல் ஆசாரத்துக்கு மாறானது என்பதால் முதலில் வெளிநாடு செல்ல மறுத்த இராமானுசன், 1914 தொடக்கத்தில் சென்னைக்கு விரிவுரையாற்ற வந்த ஈ. எச். நெவிலைச் சந்தித்தபோது இசைந்திருந்தார். செலவுக்கான பணத்தை ஒதுக்கப் பல்கலைக்கழகத்துக்கு அரசின் ஒப்புதல் வேண்டியிருந்தது. ஸ்பிரிங் பிப்ரவரி 5 அன்று ஆளுநர் பெண்ட்லாண்டு பிரபுவின் செயலாளருக்கு எழுதி அதற்கு ஆதரவு கோரினார். ஆண்டுக்கு 250 பவுண்டும் பயணச் செலவும் வழங்கப்பட்டன. எழுத்தராகப் பெற்ற ஊதியத்தைப் போல் இது பத்து மடங்குக்கும் மேல். இரண்டு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த உயர்வு இது.

மார்ச் 17, 1914 அன்று நெவாசா என்ற கப்பல், அவர் எழுத்தராக இருந்த அதே துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. பிரியுமுன் நாராயண ஐயர் தம் பலகையைக் கொடுத்து இராமானுசனின் பலகையை நினைவாகப் பெற்றுக்கொண்டதாக அவர் குடும்பத்தார் கூறியுள்ளனர்.

பிற்கால வாழ்க்கை

இங்கிலாந்தில் இராமானுசன் மிகு பகு எண்கள் பற்றிய ஆய்வுக்காக 1916இல் கேம்பிரிட்சுப் பட்டம் பெற்றார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிக வகுத்திகளைக் கொண்ட எண் மிகு பகு எண் எனப்படும். ஆறு வகுத்திகளைக் கொண்ட 12 ஓர் எடுத்துக்காட்டு. 1918இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பினராகவும், அதே ஆண்டில் திரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேந்தியக் கழகத்தில் இவர் இரண்டாவது இந்தியர். 1841இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலாமவரான அர்தசீர் கர்சேத்ஜி, பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தின் பொறியாளர் ஆவார்.

1917 முதல் உடல்நலம் குன்றியது. காசநோய் என அன்று கருதப்பட்டது. ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் மீண்டும் ஆண்டுக்கு 250 பவுண்டு அளிக்க முன்வந்தபோது, 1919 ஜனவரியில் பதிவாளருக்கு அவர் எழுதிய பதிலில், பெற்றோருக்கு 50 பவுண்டும் தம் தேவைக்கானதும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்கள், அனாதைகளின் கல்விக்குச் செலவிடுமாறு கேட்டுக்கொண்டார். அவ்வாண்டு மார்ச்சில் தாயகம் திரும்பி, ஏப்ரல் 26, 1920 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் 32ஆம் வயதில் காலமானார்.

நினைவுகள்

துறைமுகத்துக்கு அருகிலுள்ள முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன், இராமானுசனை அறிந்திருந்தோரைத் தேடிச் சென்று கடிதங்களையும் நினைவுரைகளையும் திரட்டினார். அவை 1968இல் அப்பள்ளியின் வாயிலாக இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. துறைமுக அலுவலக நாட்களைப் பற்றி அறிவதற்கு இத்தொகுப்பு பெரிதும் உதவுகிறது. 1993இல் இராயபுரத்தில் இராமானுசன் அருங்காட்சியகத்தை நிறுவியவரும் இவரே.