மண்ணின் குணமறிந்த டாக்டர் வோல்க்கர்

சாத்தாங்காட்டிற்கு அண்மையிலுள்ள மணலியில், 1971-ம் வருஷத்தில் உற்பத்தி தொடங்கிய உரத் தொழிற்சாலையை நம் சங்கத்து அன்பர் பலரும் அறிவர். அங்கிருந்து செல்லும் யூரியா மூட்டைகளைக் காணுந்தோறும், அவ்வுரம் எம்மண்ணுக்கு எவ்வளவு வேண்டுமென எண்ணுவார் சிலரே. இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஒரு பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1854-ம் வருஷத்தில் பிறந்தவர். அவர்தம் தந்தையார் ஜெர்மனியினின்று இங்கிலாந்து போந்து, விவசாய ரசாயன சாஸ்திரத்திற் பெரும்புகழ் எய்தியவர். 1884-ல் தந்தையார் காலமாகவே, அந்நாட்டு ராஜாங்க விவசாய சங்கத்தின் ரசாயன ஆலோசகர் பதவி மைந்தரை வந்தடைந்தது.

அக்காலத்தில் நம் தேசம் பஞ்சத்தால் நலிந்திருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மாண்டோர் பல லட்சம். அதன்பின் விவசாயத்தைச் சீர்திருத்த விரும்பிய இந்திய அரசாங்கத்தார், ரசாயன நிபுணர் ஒருவரைச் சீமையினின்று வேண்டினர். அவ்வாறு வந்தவரே டாக்டர் வோல்க்கர்.

1889 டிசம்பர் முதல் 1891 ஜனவரி வரை அவர் தேசமெங்கும் சுற்றினார். குடியானவர் அறியாமையுடையவர், அவர்க்குச் சீமைக் கலப்பையைக் கொடுத்து உழக் கற்பித்தாற் போதும் என்பது அந்நாளில் உத்தியோகஸ்தர் பலரது கருத்து. வோல்க்கரோ கற்பிக்கப் புகுமுன் கற்க விழைந்தார். வயல்தோறும் சென்று, கிணறும் எருக்குழியும் பார்த்து, உழுவோரை வினவினார். மண்ணையும் எருவையும் பகுத்தாராயும் ரசாயன அறிவை, இங்ஙனம் நேரிற் கண்டவற்றோடு ஒப்புநோக்கினார்.

அவர் கண்ட முடிவு பலரை வியப்பித்தது. இந்தியக் குடியானவருள் சிறந்தவர், ஆங்கில நாட்டுச் சாதாரணக் குடியானவர்க்கு எவ்வகையானும் தாழ்ந்தவரல்லர். சில துறைகளில் மேம்பட்டவரே. அவர்க்குக் குறை அறிவன்று, நீரும் எருவுமே.

எருக் குறைவின் காரணத்தையும் அவர் விளக்கினார். விறகு கிடையாமையால் சாணம் வரட்டியாகி அடுப்பில் எரிகிறது. எரியும்போது பயிர்க்கு உயிரான நைட்ரஜன் முழுதும் காற்றிற் போய்விடுகிறது. சாம்பலில் எஞ்சுவன பொட்டாஷ், சுண்ணாம்பு முதலியனவே. ஆகவே குடியானவனை நிந்தித்தலிற் பயனில்லை. அவனுக்கு விறகு கொடுத்தால் சாணம் தானே வயலைச் சேரும். இக்கருத்துப்பற்றியே, கிராமங்களை அடுத்து விறகுக்கும் தீவனத்திற்குமாகக் காடுகள் வளர்க்கவேண்டுமென அவர் வற்புறுத்தினார். எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலேறிப் போவதால் மண்ணின் சத்தே கடல் கடக்கின்றதென்பதையும் எடுத்துக்காட்டினார்.

அவர்தம் அறிக்கை 1893-ல் நூலாக வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1892-ல், லெதர் என்பார் இந்திய அரசாங்கத்தின் விவசாய ரசாயன நிபுணராக அமர்ந்தனர். ஆயின் விறகுக் காடுகளைப் பற்றிய யோசனை அவர் விரும்பிய அளவு நிறைவேறவில்லை; வரட்டி அடுப்பு நெடுங்காலம் நின்றது.

தாய்நாடு திரும்பிய வோல்க்கர், வோபர்ன் பரீட்சைப் பண்ணையைத் தொடர்ந்து மேற்பார்த்து வந்தார். அப்பண்ணையின் மணற்பாங்கான நிலத்தில் ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் மட்டுமே இட்ட பாத்திகள், முதலில் நன்கு விளைந்து, பின்னர்ப் புளிப்பேறி, வாற்கோதுமை விளையாத நிலையை அடைந்தன. சுண்ணாம்பு இட்டவிடத்து மீண்டும் பயிர் தழைத்தது. உரம் நன்றேயாயினும், மண்ணின் குணமறியாது இடின் அதுவே தீதாமென்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. 1937-ல் அப்பெரியார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அன்பர்காள்! சாத்தாங்காட்டில் இன்று இரும்புச் சந்தை விளங்குகிறது. எனினும் நம்மவருள் பலர்க்கு வேற்றூரில் காணி நிலமுண்டு. அந்நிலத்தின் ஒரு பிடி மண்ணையேனும் ஆராய்ச்சிச் சாலைக்கு அனுப்பிப் பரீட்சித்தறிந்து, அதன்பின் மூட்டையை அவிழ்ப்பீராக. நம் வாலிபரும் மாணவியரும் மண் சாஸ்திரத்தைக் கற்க முன்வருவாராக. கற்றபின், வயலில் நிற்பவரை வினவ நாணாதிருப்பாராக. அதுவே வோல்க்கர் பெருமானுக்கு நாம் செலுத்தும் நன்றியாம்.