ஆடுகளத்து ஆசான் ஸ்டாக்

கலாசாலையிற் சேரும் நாளில் நாம் செலுத்தும் கட்டணங்களுள் விளையாட்டுக் கட்டணம் என்பதும் ஒன்று. போதனைக்குரிய தொகை எவ்வாறு செலவாகின்றது என்பதை நாம் ஒருவாறு அறிவோம். பந்தும் வலையும் ஆடுகளமும் எவர் பொருளால் அமைகின்றன, அப்பொருள் அளித்தாருக்கு அவற்றின்மேல் என்ன உரிமை உண்டாகின்றது என்பவற்றை ஆராய்வார் நம்முட் சிலரே. அமெரிக்க நாட்டில் ஒரு பெரியார் இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கொடுத்தார். அவர் கண்ட விடையின் நன்மையும் தீமையும் அவர் கண்ணெதிரிலேயே வெளிப்பட்டன. அவர்தாம் அமாஸ் அலோன்ஸோ ஸ்டாக் என்பார். அன்னார் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஸ்டாக் 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16ஆம் நாள் நியூ ஜெர்சி மாகாணத்து வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைத்தும் கூலி வேலை செய்தும் பெரிய குடும்பத்தைப் பேணிய ஏழை. வறுமை கல்விக்குத் தடையாயினும், ஸ்டாக் மனந்தளராது உணவிலும் உடையிலும் சிக்கனம் செய்து, எக்ஸிட்டர் பள்ளியிலும் பின்னர் யேல் சர்வகலாசாலையிலும் பயின்றார். போதகராகித் தேவ ஊழியம் புரிய வேண்டும் என்பதே அவர் கருத்து. யேலில் அவர் பேஸ்பால் ஆட்டத்திற் பந்தெறிவதில் நிகரற்று விளங்கினார். 1889ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தெரிந்தெடுக்கப்பெற்ற அகில அமெரிக்கக் காற்பந்தாட்ட அணியிலும் அவர் பெயர் இடம்பெற்றது. அந்நாட்டார் காற்பந்து என்பது நம் நாட்டில் ஆடப்பெறுவதன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடி எதிரியின் எல்லையைக் கடக்கும் ஆட்டம் என்று அறிக.

கூலிக்கு ஆடும் பேஸ்பால் அணியினர் அவரைப் பெரும் பொருள் தருவதாகக் கூறி அழைத்தனர். ஏழையாயிருந்தும் அவர் இசைந்திலர். ஆனால் போதகர் வேலைக்கும் ஓர் இடையூறு நேர்ந்தது. சபை நடுவே நாவன்மையுடன் பேசும் ஆற்றல் தமக்கில்லை என்பதை அவர் உணர்ந்தார். பிரசங்க பீடத்திற் செய்ய இயலாததை ஆடுகளத்திற் செய்யலாம் என்று துணிந்து, ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து வாலிபர் கிறிஸ்தவ சங்கப் பயிற்சிக் கல்லூரியை அடைந்தார். ஆங்கு நெய்ஸ்மித் என்பார் 1891ஆம் ஆண்டிற் கூடைப்பந்தாட்டத்தைப் புதிதாக வகுத்தார். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம் ஆசிரியரும் மாணவரும் பலர் முன்னிலையில் அதனை ஆடியபோது, ஆசிரியர் பக்கம் கூடையில் விழுந்த ஒரே பந்து ஸ்டாக் எறிந்ததாகும். 1920ஆம் ஆண்டிற் சென்னையில் வாலிபர் கிறிஸ்தவ சங்க உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் என்பாரும் அந்த ஸ்பிரிங்ஃபீல்டிற் பயின்றவரே. ஆதலின் ஸ்டாக் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர்.

அக்காலத்தில் எண்ணெய் வணிகர் ராக்கஃபெல்லர் முதற்கண் அளித்த 6,00,000 டாலரை அடிப்படையாகக் கொண்டு சிக்காகோ நகரில் ஒரு புதிய சர்வகலாசாலை எழுந்தது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் யேலில் ஸ்டாக்குக்கு வேதநூல் கற்பித்தவர். புதிய சர்வகலாசாலைக்குப் பழமையும் புகழும் இல்லை. வெற்றி பெறும் ஆட்டக்குழு ஒன்று நாடெங்கும் சென்றால் பெயர் விரைவிற் பரவும் என்று அவர் எண்ணினார். ஆதலின் ஆண்டுக்கு 2,500 டாலர் ஊதியமும், துணைப் பேராசிரியர் பதவியும், நீக்கப்படாத நிலையும் தந்து ஸ்டாக்கை வரவழைத்தார். விளையாட்டுப் பயிற்றுவார் அதுகாறும் சில மாதங்களுக்கு அமர்த்தப்பெறும் வேலையாட்களாயிருக்க, ஸ்டாக் மற்றைப் பேராசிரியரோடு ஒப்ப வைக்கப்பெற்றார்.

1892ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வகுப்புகள் தொடங்கின. ஆடுவார் போதாமையால் ஆசிரியராகிய ஸ்டாக்கே மாணவரோடு சேர்ந்து ஆடினார். ஆடுகளமும் இல்லை. பெருவணிகர் மார்ஷல் ஃபீல்டு தமக்குரிய காலி நிலத்தைப் பயன்படுத்த இசைந்தார். நிலம் கிடைத்தது, ஆனால் வேலியில்லாத நிலத்தில் நுழைவுக் கட்டணம் வாங்குதல் எங்ஙனம்? மாணவரும் ஆசிரியரும் பொருள் திரட்டி மரப்பலகை வேலி அமைத்தனர். அவ்வேலியே பின்வந்த செல்வத்திற்கெல்லாம் வித்தாயிற்று. 1894ஆம் ஆண்டு ஸ்டாக் தம் குழுவைக் கலிபோர்னியாவரை அழைத்துச் சென்று, கிறிஸ்து பிறந்த திருநாளில் ஸ்டான்ஃபோர்டு குழுவோடு ஆடச் செய்தார்.

சிக்காகோ மக்கள் நிறைந்த பெருநகர். ஆங்கு ஆடினால் வாயிற்பணம் மிகுதியாக வரும். வந்த குழுவுக்குரிய பங்கும் மிகும். ஆதலின் அயற் கலாசாலையார் தம் ஊரில் ஆடுவதைவிடச் சிக்காகோவிற்கு வந்து ஆடுவதையே விரும்பினர். அவ்வருவாயை ஸ்டாக் தாமே நிருவகித்தார். சர்வகலாசாலையின் மற்றைத் துறைகள் ஒவ்வொரு காசிற்கும் கணக்கர் அனுமதியை எதிர்நோக்க, அவர் துறை தன் வருவாயைத் தானே செலவிட்டது. காண்பார் வாராத மற்றை ஆட்டங்களும் அவ்வருவாயிலேயே நடந்தன. 1904ஆம் ஆண்டிற் திறக்கப்பெற்ற உடற்பயிற்சி மண்டபமோ வேறு வகையால் வந்தது: இறந்த மகன் நினைவாக பார்ட்லெட் என்னும் செல்வர் அதனைக் கட்டுவித்தார்.

1905ஆம் ஆண்டு 56 ஆட்டங்களில் தோல்வியறியாதிருந்த மிச்சிகன் குழுவை ஸ்டாக்கின் மாணவர் 2க்கு 0 என்ற கணக்கில் வென்றனர். நகரமே ஆரவாரித்தது. ஆயின் அதே ஆண்டில் இவ்வாட்டத்தால் நாட்டிற் பலர் உயிரிழந்தமையும், பணத்தாசை மிகுந்தமையும் அறிஞரைக் கலக்கின. 1906ஆம் ஆண்டு மேற்குச் சர்வகலாசாலைகளின் பிரதிநிதிகள் கூடி, ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களே ஆடுதல் வேண்டும், மாணவரிடம் 50 செண்டுக்கு மேல் வாங்கலாகாது என்பன போன்ற விதிகளை வகுத்தனர். எனினும் வாயிற்பணத்தின் சுவை கண்டார் அதனை எளிதில் விடுவரோ? விதிகள் சில ஆண்டுகளிலே தளர்ந்தன.

ஸ்டாக்கின் ஒழுக்கத்தில் எவரும் குறை கண்டிலர். அவர் மதுவும் புகையும் தீண்டார்; தகாத சொல் கூறார். எனினும், அவர் உயர்நிலைப் பள்ளி மாணவருக்காக ஆண்டுதோறும் நடத்திய ஓட்டப் பந்தயங்கள் திறமையுடைய இளைஞரைச் சிக்காகோவிற்கு ஈர்க்கும் வலையாகவும் பயன்பட்டன என்பதை மறைத்தல் தகாது. நல்லார் ஒருவர் கையிலிருக்கும்போதும் பணம் தன் வழியிலேயே இழுக்கும் போலும்!

அவர் குழு மேற்குச் சங்கத்தில் ஏழு முறை முதன்மை பெற்றது. இறுதி முதன்மை 1924ஆம் ஆண்டில் வந்தது. அதற்குள் அயலார் விழித்துக்கொண்டனர். இல்லினாய்ஸ் சர்வகலாசாலையார் போரில் இறந்தார் நினைவாக மாணவரிடமும் பழைய மாணவரிடமும் நன்கொடை பெற்று மாபெரும் ஆட்டரங்கு எழுப்பினர். மிச்சிகனார் ஒன்று 500 டாலராக 3,000 கடன் பத்திரங்களை விற்று, 1927ஆம் ஆண்டில் 72,000 பேர் அமரும் அரங்கைத் திறந்தனர். கடன்பட்டுக் கட்டிய அரங்கை ஆண்டுதோறும் நிரப்புதல் வேண்டும். நிரப்ப வெற்றி வேண்டும். வெற்றிக்கு ஆடவல்லாரை எவ்வாறாயினும் தேடுதல் வேண்டும். 1929ஆம் ஆண்டு கார்னிகி நிதியத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி, கலாசாலைகள் பல ஆட்டக்காரருக்கு மறைவாகவும் வெளிப்படையாகவும் பொருளுதவி செய்து வந்தமையைப் புலப்படுத்தியது.

அவ்வாண்டே முப்பது வயதினரான ராபர்ட் ஹட்சின்ஸ் சிக்காகோவின் தலைவரானார். எழுபது வயதில் ஓய்வு பெறுதல் வேண்டும் என்னும் விதியை அவர் ஸ்டாக்குக்கும் உரியதாக்கினார். ஆடுகளத்தை விட்டு மேசைமுன் அமரும் பதவியை ஸ்டாக் ஏற்றிலர். நாற்பத்தோர் ஆண்டு உழைத்த இடத்தைவிட்டு, 1933ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலுள்ள பசிபிக் கலாசாலைக்குச் சென்றார். 1943ஆம் ஆண்டு, தம் 81ஆம் வயதில், அந்நாட்டின் சிறந்த பயிற்சியாசிரியராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். பின்னர்த் தம் மைந்தரோடு சஸ்குஹானா சர்வகலாசாலையிற் பணியாற்றினார். 1965ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17ஆம் நாள், 102 ஆண்டு நிறைந்தவராய், ஸ்டாக்டன் நகரிற் தேவனடி சேர்ந்தார்.

அவர் அமைத்த ஆடுகளம் என்னாயிற்று? 1939ஆம் ஆண்டு மிச்சிகன் குழு சிக்காகோவை 85க்கு 0 என்று வென்றது. அவ்வாண்டு முடிவில் ஹட்சின்ஸ் ஆட்டத்தையே நிறுத்தினார். வெறுமையாய் நின்ற மேற்குப் படிவரிசையின் கீழே, 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், ஃபெர்மி என்னும் விஞ்ஞானி அணுத்தொடர் வினையை முதன்முதல் இயக்கினார். 1957ஆம் ஆண்டில் அப்படிவரிசை இடிக்கப்பெற்றது. இன்று அவ்விடத்தில் ஒரு பெருநூலகம் நிற்கின்றது. ஆட்டமோ 1969ஆம் ஆண்டில் எளிய முறையில் மீண்டும் தொடங்கிற்று. ஆட்டத் திறமைக்கென உதவிப்பணம் வழங்காத மூன்றாம் பிரிவுக் கலாசாலைகளின் இறுதிப் போட்டிக்கு ஸ்டாக் பெயரே இடப்பெற்றுள்ளது. போதகராக விரும்பிய அவ்வேழை இளைஞருக்கு இதனினும் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறில்லை என்பது நம் கருத்து.

இவ்வரலாற்றால் நாம் அறியற்பாலது ஒன்றுண்டு. பொருளளிப்பார் விருப்பமே காலப்போக்கில் ஆடுகளத்தை ஆளும். காண்பார் பணத்தால் நடப்பது காண்பாருக்குரிய காட்சியாகின்றது. கடனால் நடப்பது கடனுக்கு அடிமையாகின்றது. மாணவர் தம் சிறு கட்டணத்தால் நடப்பதோ பகட்டற்றதாயினும் மாணவருடையது. நம் ஆடுகளத்திற் புல் குறைவு என்றும், வலை கிழிந்தது என்றும் குறை கூறுவோம் பலர். ஆயினும் அது நமது. கட்டணம் செலுத்தியும் மாலையில் அறையிலேயே முடங்கிக் கிடப்போமாயின், நமதாகிய ஒன்றை நாமே கைவிட்டவராவோம்.