தியோடர் எசரிக்

தியோடர் எசரிக் (நவம்பர் 29, 1857 – பெப்ரவரி 15, 1911) ஜெர்மனியில் பிறந்த குழந்தை நல மருத்துவரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். பெண்களுக்கு ஏற்படும் சிறுநீர்ப்பாதைத் தொற்றுகளுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான எசரிக்கியா கோலை என்னும் பாக்டீரியாவைக் கண்டறிந்தவர் இவரே.

வாழ்க்கை

பவேரியாவின் அன்ஸ்பாக் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். 1881 இல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் மியூனிக்கில் ஆய்வு செய்தார். 1890 முதல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலும், 1902 முதல் இறக்கும்வரை வியன்னாவிலும் பேராசிரியராகப் பணியாற்றினார்.

ஆய்வுகள்

மியூனிக்கில் கைக்குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து, 1885 இல் இப்பாக்டீரியாவை விவரித்தார். நலமான குழந்தைகளின் குடலிலும் இது இயல்பாகவே காணப்பட்டது. எனினும், சிறுமியரின் சிறுநீர்ப்பை அழற்சிக்கு இதே பாக்டீரியா காரணமாவதை 1894 இல் எடுத்துக்காட்டினார்.

பெண்களின் சிறுநீர்வழி ஆண்களுடையதைவிட நீளம் குறைந்தது. மலவாய்க்கு அருகில் அமைந்தது. ஆகவே குடலில் வாழும் பாக்டீரியா எளிதில் சிறுநீர்ப்பையை அடைகிறது. தூய்மைக் குறைவால் மட்டுமே இந்நோய் வருகிறது எனப் பெண்களைக் குறைகூறுவது பொருந்தாது என்பதை இவ்வுடலமைப்பு உணர்த்துகிறது.

பெயரீடு

எசரிக் இதனைக் குடற்கோலுயிரி எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால் அழைத்தார். 1919 இல், முன்னர் கொழும்பில் பணியாற்றிய மருத்துவர்களான ஆல்டோ கஸ்டெலானி, ஆல்பர்ட் சால்மர்ஸ் ஆகியோர் இவர் நினைவாக எசரிக்கியா என்னும் பேரினப் பெயரைச் சூட்டினர்.