மீண்டும் மாணாக்கரான ஆசிரியர்

கல்விக்கு உரிய பருவம் இளமையே என்பது நம்மவர் எல்லோரும் ஒப்பிய கொள்கை. அக்கொள்கை பிழையன்று. ஆயினும், இளமை கழிந்தபின் கலாசாலையின் வாயில் அடைபட்டுவிடும் என்று அதற்குப் பொருள் கொள்வது பிழையாம். நம் சங்கத்துக் குடும்பங்களில் முப்பது வயதைக் கடந்த ஒருவர், தாம் செய்துவரும் தொழிலை விடுத்து வேறொரு துறை பயில விரும்பினால், இனிமேற் படிப்பு எதற்கு என்றே வீட்டார் முதலிற் கேட்கின்றனர். கையிலுள்ள உத்தியோகத்தை விடுவதா, பிள்ளைகளோடு பிள்ளையாகப் பலகையில் உட்காருவதா என்னும் கேள்விகள் அதன்பின் எழுகின்றன. இவை அன்பினாற் பிறக்கும் கேள்விகள்; எளிதில் ஒதுக்கத் தக்கனவும் அல்ல. இவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்டு, தம் வாழ்க்கையினாலேயே விடை பகர்ந்த பெரியார் ஒருவருடைய சரிதத்தை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றேன்.

ஆல்பர்ட் சுவைட்சர் 1875-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் நாள், அல்சேஸ் நாட்டிலுள்ள கைசர்ஸ்பெர்க் என்னும் ஊரிற் பிறந்தார். அந்நாடு அக்காலத்தில் ஜெர்மனியின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. பின்னர்ப் பிரான்சு தேசத்தைச் சார்ந்தது. தந்தையார் கிறிஸ்தவ குருவாய் இருந்தவர். சுவைட்சர் குன்ஸ்பாக் என்னும் சிற்றூரில் வளர்ந்து, 1893-இல் ஸ்டிராஸ்பர்க் சர்வகலாசாலையிற் சேர்ந்து தத்துவ நூலும் சமய நூலும் கற்றார். பாரிஸ் நகரத்தில் வீதோர் என்னும் இசைப் பேராசிரியரிடம் ஆர்கன் வாத்தியமும் பயின்றார். 1899-இல் தத்துவத்தில் டாக்டர் பட்டமும், மறு ஆண்டில் சமய நூலில் உயர்பட்டமும் பெற்றார். பின்பு ஆலயத்திற் பிரசங்கியாராகவும், சர்வகலாசாலையில் விரிவுரையாளராகவும் அமர்ந்து, 1903-இல் சமயக் கல்லூரியொன்றின் தலைவரும் ஆனார். பாக் என்னும் இசை மேதையைப் பற்றி இவர் எழுதிய பெருநூல் 1905-இல் வெளிவந்தது. முப்பது வயதிற்குள் ஒருவர் எய்தக்கூடிய புகழ் அனைத்தும் இவருக்கு வந்து சேர்ந்தது என்னலாம்.

ஆயினும் இவருள்ளத்தில் ஓர் எண்ணம் நெடுநாளாய் உறைந்திருந்தது. 1896-ஆம் ஆண்டு விடுமுறைக் காலத்தில், இருபத்தொரு வயதினராய்த் தந்தையார் இல்லத்திலிருந்தபோது, உலகில் எத்தனையோ பேர் துன்புற்றிருக்கத் தாம் மட்டும் இன்புற்றிருத்தல் தகுமோ என்று இவர் ஆராய்ந்தார். முப்பதாம் வயது வரையில் கல்விக்கும் இசைக்கும் வாழ்வது, அதன்பின் பிறர்க்கு நேரே பணிசெய்து வாழ்வது என்று அன்றே உறுதி செய்துகொண்டார். அப்பணி இன்னதென்பது அப்போது தெரியவில்லை. 1904-ஆம் ஆண்டில் பாரிஸ் மிஷன் சங்கத்தார் வெளியிட்ட சிறு பத்திரிகையொன்று இவர் மேசைமேற் கிடந்தது. ஆபிரிக்காவின் நடுப்பகுதியில் பணி செய்வார் போதாமை அதில் எழுதப்பட்டிருந்தது. அதனைப் படித்து முடித்ததும் இவர் தேட்டம் முடிவுற்றது. பல்லாண்டு வாக்கினாலே தொண்டு செய்தாயிற்று. இனிக் கையினாலே செய்வதே தக்கதெனத் துணிந்து, வைத்தியராதற்குத் தீர்மானித்தார்.

1905-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், பாரிஸ் நகரத்துத் தபாற்பெட்டியில் சில கடிதங்களை இட்டார். வைத்திய மாணாக்கனாகச் சேரப்போகின்றேன் என்னும் செய்தி அவற்றின்வழிப் பெற்றோரையும் நண்பரையும் அடைந்தது. உறவினர் திகைத்தனர். பெற்ற கல்வியை மண்ணிற் புதைப்பதோ என்று சிலர் வருந்தினர்; புகழாசையால் விளைந்த செயலென்று சிலர் ஐயுற்றனர். ஆசிரியர் வீதோர் எல்லாரினும் மிகுதியாகக் கடிந்துகொண்டார். இவர்களுக்கு மறுமொழி கூறிக் கூறிச் சுவைட்சர் சலிப்புற்றார். ஆயினும் ஒருவரையும் பகைத்தாரில்லை.

வீட்டிலெழுந்த தடை இவ்வாறாக, கலாசாலையிலும் ஒரு தடை எழுந்தது. வைத்தியப் பகுதியின் தலைவரிடம் இவர் சென்று விண்ணப்பித்தபோது, இவரை மனநோய் மருத்துவரிடம் அனுப்புதலே முறையென்று அவருக்குத் தோன்றியதாம். ஒரு சர்வகலாசாலையில் ஆசிரியராயிருப்பவர் அங்கேயே மாணாக்கராகப் பதிவு பெறுதல் சட்டத்திற்கு ஒவ்வாது. மாணாக்கராகப் பதிவு பெறாதவர் பரீக்ஷைக்குச் செல்லவும் இயலாது. முடிவில், வைத்தியப் பேராசிரியர்கள் இவர் பாடங் கேட்டார் என்று சான்று வழங்கினால் பரீக்ஷை எழுதலாம் என அரசாங்கத்தார் இசைந்தனர். உடன் ஆசிரியராகிய இவரிடம் சம்பளம் பெறாமலே பாடங் கேட்க அப்பேராசிரியர்கள் இடமளித்தனர். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், மூடுபனி அடர்ந்த ஒரு நாளில், கல்லூரித் தலைவர் உடற்கூற்று வகுப்பிற் சென்று அமர்ந்தார்.

அதன்பின் கழிந்த ஆண்டுகள் எளியன அல்ல. 1906-இல் கல்லூரித் தலைமையை விடவே, அதனோடு கிடைத்த வீட்டையும் விட நேர்ந்தது. நண்பர் உதவியால் ஒரு பெரிய மனையின் மேன்மாடத்திலிருந்த நான்கு சிற்றறைகளிற் குடிபுகுந்தார். விரிவுரை ஆற்றுதலையும் ஞாயிறுதோறும் பிரசங்கித்தலையும் விட்டாரில்லை. பாரிஸிலும் பார்ஸிலோனாவிலும் இசையரங்குகளுக்குச் சென்று ஆர்கன் வாசித்துப் பொருளீட்டினார். இவற்றினிடையே உடற்கூறும், உடலியலும், இரசாயனமும், தாவர நூலும், விலங்கு நூலும் கற்றார். இளமையிலிருந்த நினைவாற்றல் இப்போது தமக்கில்லை என்பதை அவரே உணர்ந்தார். களைப்போ நாடோறும் மிகுந்தது. எனினும், கருத்து வேறுபாடுகளே நிறைந்த தத்துவ உலகினின்று நீங்கி, கண்கூடாக நிறுவத்தக்க உண்மைகளை அறியும் துறைக்கு வந்தது அவருக்குப் பேரின்பம் தந்தது.

ஈண்டு ஒரு செய்தி குறிக்கத்தக்கது. நூலறிவின் இன்பத்தில் மூழ்கிய சுவைட்சர், பரீக்ஷைக்கு வேண்டியவற்றை மனப்பாடஞ் செய்வதைப் புறக்கணித்து வந்தார். பரீக்ஷைக்குச் சில வாரங்களே இருக்கும்போது, உடன் பயின்ற இளைஞர்கள் அவரை வற்புறுத்தித் தம் படிப்புக் குழுவிற் சேர்த்துக்கொண்டனர். பேராசிரியராயிருந்த பெரியார், தம்மினும் இளைய மாணாக்கரிடம் வினாவிடை பயின்றார். 1908-ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்த முதற் பரீக்ஷையில் தாம் எதிர்பார்த்ததினும் நன்றாகத் தேறினார். நான் பல்லாண்டு பள்ளியிற் பாடஞ்சொல்லி வருபவன். கற்பித்துப் பழகியவன் மீண்டும் கற்கப் புகுங்கால், பாடத்தின் கடுமையைவிடத் தன் பெருமையே அவனுக்குப் பெருந்தடையாம் என்பதை நன்கறிவேன். அத்தடையைச் சுவைட்சர் கடந்தவாறு இதுவே.

இறுதிப் பரீக்ஷைக்குக் கட்டவேண்டிய பணத்தை, மூனிச் நகரத்தில் நிகழ்ந்த இசைவிழாவில் ஆர்கன் வாசித்து ஈட்டினார். 1910-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அப்பரீக்ஷை முடிவுற்றது. மறு ஆண்டு மருத்துவச்சாலைப் பயிற்சியிற் கழிந்தது. 1912-இல் விரிவுரைப் பதவியையும் ஆலயப் பதவியையும் துறந்து, பாரிஸிலே வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிக் கற்றார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஹெலன் பிரெஸ்லௌ என்னும் அம்மையாரை மணந்தார். கணவர் பணிக்குத் துணையாதற்பொருட்டு அவ்வம்மையார் செவிலியர் தொழிலை முன்னரே கற்றிருந்தார். 1913-இல் சுவைட்சர் வைத்தியத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வகுப்பிற் சென்று அமர்ந்த நாள்தொட்டு ஏழாண்டுகளுக்கு மேலாயின.

1913-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இருவரும் போர்டோ துறைமுகத்தினின்று கப்பலேறி, ஏப்ரல் மாதத்தில் லாம்பரீனை அடைந்தனர். அஃது இப்போது காபோன் எனப்படும் நாட்டில் ஒகோவே ஆற்றங்கரையில் உள்ளது. மருத்துவச்சாலை கட்டப்படாதிருந்தமையால், கோழிகள் அடைந்துகிடந்த கொட்டிலொன்றைத் தூய்மை செய்து வெள்ளையடித்து, அதில் வைத்தியம் தொடங்கினர். முதல் ஒன்பது மாதங்களில் ஏறக்குறைய 2,000 நோயாளிகளைச் சுவைட்சர் பார்த்தார். பின்னர் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியப் பிரஜைகள் என்னுங் காரணத்தால் இருவரும் காவலில் வைக்கப்பட்டு, 1917-இல் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கடனும் நோயும் சூழ்ந்த அக்காலத்திலும் அவர் உறுதி தளரவில்லை. 1924-இல் மீண்டும் லாம்பரீனுக்குச் சென்று, சிதைந்து கிடந்த மருத்துவச்சாலையைத் திருத்தி, சில ஆண்டுகளில் வேறிடத்திற் பெரிதாகவும் அமைத்தார்.

தமிழராகிய நமக்கும் இவரோடு ஒரு தொடர்புண்டு. இந்தியச் சிந்தனையின் வளர்ச்சி பற்றி 1935-இல் வெளியிட்ட நூலில், இவர் திருக்குறளை ஆராய்ந்து மிகவுயர்த்திப் பேசியுள்ளார். 1952-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் சமாதானப் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. அப்பொருளைத் தொழுநோயாளர் உறையும் இல்லங்கட்குச் செலவிட்டார். ஆபிரிக்க மக்களை ஒத்தவராகக் கொள்ளாது, இளையவராகவே கருதி நடத்தினார் என்னும் குறை இவர்மேற் கூறப்படுவதுண்டு. அது முற்றும் பொய்யென்று தள்ளுதற்கில்லை. 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், லாம்பரீனிலேயே உயிர்நீத்தார்.

அன்பர்களே, முப்பது வயதிற் செலவிட்ட ஏழாண்டுகளை அவர் இழந்தவராகச் சுற்றத்தார் கணக்கிட்டனர். அவ்வேழாண்டுகளின் பயனாக வந்த வைத்தியத் தொண்டோ ஐம்பதாண்டுக்கு மேலும் நீண்டது. எனினும் அவர் கண்மூடிக் குதித்தவரல்லர். புதிய கல்வி முற்றுந்துணையும் தமக்குத் தெரிந்த தொழிலாற் பொருளீட்டினார், வசதியைக் குறைத்துக்கொண்டார், இளைஞரிடம் கேட்டறிய நாணவில்லை, மனைவியாரும் உடன் கற்றார். நம்முள் ஒருவர் நடுவயதிற் கலாசாலைக்குச் செல்ல விரும்புவாராயின், இந்நான்கும் தம்மிடத்து உளவோ என்று அவர் தம்மைத்தாமே வினவுக. உளவாயின், வீட்டார் தடை சொல்லுதலை விடுத்து, அவர் இரவில் அமர்ந்து படிப்பதற்கு ஒரு விளக்கும் ஓரிடமும் ஒதுக்கித் தருக. அத்துணையே அவருக்கு வேண்டுவது.