சொல்லுக்குச் சான்று தேடிய பேரறிஞர் வையாபுரிப் பிள்ளை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் அமைந்த கிளியனூரிலிருந்து இதனை எழுதும் நாம், அருஞ்சொல் எதிர்ப்படும்போதெல்லாம் நாடுவது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியையே. அவ்வகராதியை முற்றுவித்த பெருமகனாரின் வரலாறு நம் இல்லங்களிலும் அறியப்பட வேண்டுவதாகும்.

எஸ். வையாபுரிப் பிள்ளை 1891ஆம் ஆண்டு நெல்லைச் சீமையில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, சட்டமும் கற்று, திருவனந்தபுரத்திலும் நெல்லையிலும் வழக்கறிஞராக விளங்கினார். எனினும் அவர் உள்ளம் ஏட்டுச்சுவடிகளிலேயே தோய்ந்திருந்தது. 1922இல் மனோன்மணீயத்தைப் பதிப்பித்து அறிஞர்தம் கவனத்தைப் பெற்றார்.

பேரகராதிப் பணி 1913இல் சாண்ட்லர் என்னும் அமெரிக்கப் பாதிரியாரைக் கொண்டு தொடங்கியது. அதன் முதற்பகுதி 1924இல்தான் அச்சேறியது. 1926இல் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்ற பிள்ளையவர்கள், பத்தாண்டுகள் அதற்கே தம்மை ஒப்புவித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறிப்பு, பிறப்பு, ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், நூற்சான்று ஆகிய யாவும் முறைப்பட அமைதல் வேண்டும். சான்று பிழைபட்டால் பொருளும் பிழைபடும். அச்சுப்படியில் ஓரெழுத்து மாறினும் சொல்லே வேறாகிவிடும். பண்டிதர் பலரின் துணையோடு ஆறு தொகுதிகள் 1936இல் நிறைவுற்றன. அவற்றில் 1,04,405 சொற்கள் இடம்பெற்றன. 1939இல் வெளிவந்த அநுபந்தம் மேலும் 13,357 சொற்களைச் சேர்த்தது.

இவ்வகராதியில் சீவக சிந்தாமணியும் மேருமந்தர புராணமும் சான்று நூல்களாக நிற்கின்றன. சமண சமயத்திற்கே உரிய பொருள்கள் தனிக்குறிப்புடன் காட்டப்பெறுகின்றன. சூடாமணி நிகண்டு தந்த மண்டல புருடர் போன்ற நம் முன்னோர் வளர்த்த சொற்றொகை மரபு, இவ்வாறு பல்கலைக்கழகத்தின் வாயிலாக அச்சில் நிலைபெற்றது. 1941இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சிந்தாமணியையும் பிள்ளையவர்களே பதிப்பித்தார். சைவர் கழகமொன்று சமண காப்பியத்தை வெளியிட்ட அப்பெருந்தன்மை போற்றுதற்குரியது.

தொல்காப்பியரும் திருவள்ளுவரும் சமணரே என அவர் கருதினார். ஆயினும் நம் மனம் மகிழ்வதற்காக அவர் எதையும் எழுதினாரல்லர். திருக்குறளைக் கி.பி. 600ஐ ஒட்டியதென்றும், சிலப்பதிகாரத்தை அதற்கும் பிற்பட்டதென்றும் கணித்தார். நூல்களின் தொன்மையைக் குறைத்தார் என்று கடுமையாகத் தூற்றப்பட்டார். அவர் கண்ட காலவரையறைகள் சில இன்று ஏற்கப்படுவதில்லை. எனினும் சான்றின்றி ஒன்றைக் கொள்ளலாகாது என்னும் அவர்தம் நெறி வழுவாதது. பொய்யாமையை விரதமாகக் கொண்ட நாம் அதனை எளிதில் உணரலாம்.

பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராக 1946 வரையிலும், 1951 முதல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் பணிபுரிந்து, 1956இல் மறைந்தார். அவர் திரட்டிய ஏறத்தாழ மூவாயிரம் நூல்களும் சுவடிகளும் கல்கத்தா தேசிய நூலகத்தைச் சேர்ந்தன.

நம் இல்லங்கள் சிலவற்றில் பரண்மீது கிடக்கும் ஏடுகள் யாவை? அவற்றைச் செல்லரிக்க விடுவோமாயின், அச்சேறாத சொற்கள் அவற்றோடு மடியும். இளைஞர்கள் ஒருமுறை பரணேறிப் பார்ப்பார்களாக! கிடைக்கும் ஏடுகளை மேல்சித்தாமூர் மடத்திலோ நல்லதொரு நூலகத்திலோ காட்டுவார்களாக! அதுவே அப்பேரறிஞருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.